இங்கர் வீட்டுப் படலை

பெற்ற பிள்ளையை ஊர் கூடிப் பாராட்டுகிற நாளில் எந்தத் தாய்க்கும் கால்நோவு மறந்துபோகும். விமலாதேவிக்கு மட்டும் அன்றைக்கென்று பார்த்துத்தான் முழங்கால் நோகத் தொடங்கியது.

"என்னாலை ஏலாதப்பா. நீங்கள் போட்டு வாங்கோ. வைக்கல் கட்டுகளிலை இருத்துவினமாம். இருந்தா நான் எழும்பமாட்டன்."

சிறீஸ்கந்தராசா சப்பாத்தை மினுக்கிக்கொண்டிருந்தார். டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இறைச்சித் தொழிற்சாலையில் கையுறையும் கம்பூட்ஸுமாக ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது பென்சனில் இருக்கிற மனிதர். மகளின் படம் பேப்பரில் வந்ததிலிருந்து எங்கே போனாலும் சப்பாத்து மினுங்கத்தான் போவார்.

"கதிரை கொண்டு போவம்" என்றார். "கார் டிக்கியிலை கிடக்குது. தாயில்லாமல் அந்த இடத்திலை அவளை நிக்க விடுறதே? கேக்கிற சனம் என்ன நினைக்கும்?"

விமலாதேவிக்கும் பயம்தான். கேட்கிற சனம் என்ன நினைக்கும் என்பதல்ல, கேட்டால் என்ன சொல்வது என்பது.

தனுசியா அவர்களுக்கு ஒரே பிள்ளை. டென்மார்க்கில் பிறந்து, ஓகூஸ் நகரத்தில் வசித்துக்கொண்டு, டேனிஷ் மொழியில் கவிதை எழுதுகிறவள். அவளுடைய புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'படலை'. வயல்வெளி வீட்டின் முன்னால் வாசல் கதவாக மரச்சட்டம் அடித்து, சாத்துவதற்குக் கொக்கி போலக் கொழுவி போட்டிருக்குமே, அந்தப் படலை. பரிசு கிடைத்தது. பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். கோல்டிங் தமிழ்ச் சனத்தில் அந்தப் புத்தகத்தை வாசித்தவர்களுக்கு ஒரு கை விரல்கள் போதும். பேப்பரில் வந்த படத்தை வட்சப்பில் அனுப்பியவர்களை எண்ணப் போனால் விடிந்துவிடும். கோயிலில் கண்டால் "விமலாக்கா, உங்கடை வளர்ப்பு" என்று கையைப் பிடிப்பார்கள். பிடித்த கையை விமலாதேவி மெதுவாக இழுத்துக்கொள்வாள்.

புத்தகம் முழுக்க ஒரே இடம்தான். கோல்டிங்கிலிருந்து தெற்கே, கடலை அண்டினாற்போல் இருக்கிற ஒரு பண்ணை. இங்கர், வில்லி என்ற டேனிஷ் சோடியின் பண்ணை. தனுசியா சின்ன வயதில் போய் நின்ற இடம். மாட்டுக் கொட்டில், பார்லி வயல், கடலுக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் கவிதையில் இருக்கின்றன. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்து பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். அதைக் கண்டுதான் அந்தப் பக்கத்து நூலகம் ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில் பண்ணையிலேயே வாசிப்பு வைத்தது. வில்லி செத்துப்போனார். இங்கர் தனியே இருக்கிறாள், வீட்டைத் திறந்துவிடச் சம்மதித்தாளாம்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பொய் இருக்கிறது. தனுசியா எழுதிய பொய் அல்ல அது. தாய் அவளுக்குச் சொன்ன பொய்.

*

அந்தக் காலத்தில் சிறீஸ்கந்தராசாவுக்கு இரவு வேலை. விமலாதேவிக்கு வயோதிபர் இல்லத்தில் ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு வேலை. பிள்ளையைப் பார்க்க மாமியா மச்சாளா, யார் இருந்தார்கள்? கொம்யூன் என்கிற நகரசபையில் ஒரு நல்ல பெண்மணி விசயத்தைக் கேட்டுவிட்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சனி ஞாயிறில் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்கள் இருக்கின்றன, ஒழுங்கு செய்து தரலாம் என்றாள். தனுசியாவுக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளி பின்னேரம் இங்கர் சேறு பிடித்த காரில் வந்து கூட்டிக்கொண்டு போவாள். ஞாயிறு பின்னேரம் கொண்டுவந்து விடுவாள்.

முதலில் விமலாதேவிக்கு அது பெரிய ஆறுதல். பிறகு மெல்ல மெல்ல அது வேறாகியது. ஞாயிறு வந்து இறங்குகிற பிள்ளையின் தலைமயிரில் வைக்கோலும் மாட்டுப்பாலும் மணக்கும். முழுக வார்த்தாலும் அந்த மணம் போகாது. சோற்றைப் பிசைந்து தீத்தப் போனால், "இங்கர் வீட்டிலை நான் நானாத்தான் சாப்பிடுறனான்" என்பாள். கன்றுக்குட்டிகளுக்குப் பெயர் வைத்துவிட்டு வந்து அந்தப் பெயர்களையே கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். நித்திரையில் டேனிஷில் புலம்புவாள். விமலாதேவி பக்கத்தில் படுத்திருந்து கேட்பாள். தன் பிள்ளை கனவில் யாரோடு கதைக்கிறது என்று ஒரு தாய்க்கு விளங்காமல் போனால் அது என்ன மாதிரி இருக்கும்! பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு அப்போது மனம் வரவில்லை. நன்றி கெட்ட எண்ணம் என்று தன்னைத் தானே பேசிக்கொண்டு, இங்கருக்கு ரோல்ஸும் வடையும் சுட்டுக் கொடுத்தனுப்பினாள்.

தனுசியாவுக்குப் பன்னிரண்டு வயது நடந்த கோடையில் ஒரு ஞாயிறு. காரிலிருந்து துள்ளிக்கொண்டு இறங்கினாள். கையில் கேக் பெட்டி.

"அம்மா, எனக்கு வந்திட்டுது! இங்கர் கொடியெல்லாம் ஏத்தினவ!"

விமலாதேவிக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நல்ல நாள் என்றால் முற்றத்துக் கம்பத்தில் தேசியக் கொடியை ஏற்றுவது டேனிஷ் சனத்தின் வழக்கம். அதைப் போலத்தான் இங்கரும் ஏற்றியிருக்கிறாள். கேக் அடித்து, மேலே ஸ்ட்ரோபெரி வைத்து, வில்லியையும் மேசைக்குக் கூப்பிட்டுக் கொண்டாடியிருக்கிறாள். அது முடியக் கடலில் குளிக்கவும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"எப்ப?"

"நேற்றுக் காலமை."

"ஆருக்கு முதல் சொன்னனீ?"

"இங்கருக்கு."

"எனக்கெல்லோ நீ முதல் சொல்லியிருக்க வேணும்."

"நீங்கள் வேலையிலை எல்லோ நிண்டனீங்கள்" என்றாள் பிள்ளை. குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

உள்ளதுதான். அந்தச் சனி காலை விமலாதேவி வயோதிபர் இல்லத்தில் ஒரு கிழவியின் தலையை வாரிக்கொண்டு நின்றாள். வேறு யாருடையவோ தாய்க்குப் பின்னல் பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் தன்னுடைய பிள்ளை பெரியபிள்ளையாகிக் கடலில் மிதந்திருக்கிறாள். முதல் தண்ணீரைத் தாயான அவள் வார்த்திருக்க வேண்டும். அதைக் கடல் வார்த்துவிட்டது. ஊரில் என்றால் தாயின் கண்ணில்தான் அது முதலில் படும், தாய்தான் மச்சாள்மாருக்குச் சொல்லி அனுப்புவாள். ஒரு பெண்ணைப் பெற்றவளுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு முறை வருகிற அந்த நாளை வெள்ளைக்காரி ஒருத்தி கேக் வெட்டி முடித்துவிட்டாள் என்று நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் குறை சொல்லவேண்டும்.

ருது சாதகம் எழுத ஐயர் கேட்டார்: என்ன நேரம், என்ன நிறச் சட்டை, யார் முதலில் கண்டது? "வீட்டிலை தானுங்கோ. நான்தான் கண்டனான்" என்றாள் விமலாதேவி. முதல் பொய் அது. அடுத்ததை இங்கருக்குப் போனில் சொன்னாள்: தனுசியாவுக்கு இனி வர விருப்பமில்லை, பெரியபிள்ளையாகிவிட்டதால் அவளுக்கு வெட்கம், கட்டாயப்படுத்த வேண்டாம். மறுபக்கத்தில் இங்கர், "அவளுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்" என்றாள். மூன்றாவதை மகளுக்குச் சொன்னாள்.

"இங்கர் போன் எடுத்தவ. நீ வளந்திட்டியாம். இனி வேறை சின்னப்பிள்ளை ஒண்டை எடுக்கப் போகினமாம்."

தனுசியா திரும்பி நடந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த கிழமை இங்கர் தானாகவே அடுக்குமாடிப் படியேறி வந்து, பிள்ளை விட்டுவிட்டுப் போன சிவப்பு றப்பர் பூட்ஸை நீட்டினாள். தனுசியா அந்த நேரம் பள்ளிக்கூடத்தில். "அவளுக்குத் தேவைப்படும்" என்றாள். உள்ளே வரச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். விமலாதேவி பூட்ஸை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். இங்கரின் கார் போனதும் கீழே இறங்கி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

சாமத்தியவீட்டுச் சடங்கை மண்டபம் எடுத்துச் செய்தார்கள். வீடியோ இருக்கிறது. மாலையும் கழுத்துமாக இருத்தி வைத்த பிள்ளை எந்த நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கர் வருவாள் என்று பார்த்திருக்கிறாள். இங்கருக்கு யார் சொன்னார்கள், வருவதற்கு?

விமலாதேவிக்குத் தெரியாத ஒன்று அதற்குப் பிறகு நடந்திருக்கிறது. அதைப் புத்தகத்தில் வாசித்துத்தான் அறிந்தாள். வயோதிபர் இல்லத்தில் படித்த டேனிஷை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் முடிய அந்தப் பிள்ளை தனியாக பஸ் ஏறிப் போயிருக்கிறாள். பார்லி வயலுக்கு நடுவே நடந்து படலை வரை போயிருக்கிறாள். உள்ளே வில்லி உழவு இயந்திரத்தில் இருக்க, அவர் மடியில் மஞ்சள் மயிர்க்காரச் சின்னப்பிள்ளை ஒன்று இருந்ததாம். கொழுவியில் கைவைக்காமல் திரும்பி வந்துவிட்டாள். புத்தகத்துக்குப் பெயர் வந்தது அந்தக் கவிதையால்தான். டென்மார்க் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்களாம்.

வாசித்த அன்று விமலாதேவி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தன் பொய்யை ஒரு பிள்ளை கால்நடையாகப் போய்ச் சரிபார்த்து உண்மை என்று நம்பிக்கொண்டு வந்திருக்கிறது. அதைத் தாங்க அவளால் முடியவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் மகள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்றும் அவளுக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு போன், மாதத்தில் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்தது. அதையும் இழக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

*

கடைசியில் டிக்கியில் கிடந்த கதிரையோடு விமலாதேவியும் காரில் ஏறினாள். சிறீஸ்கந்தராசா வழிநெடுகப் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். வெயில் நல்ல வெயில். வயல்களில் அறுவடை முடிந்திருந்தது.

படலையில் சனம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் படலையின் கொழுவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம், "அந்தக் கிழவி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாளாம்" என்றாள். அது விமலாதேவியின் காதில் விழுந்தது. கிழவி என்றது தன்னையே என்று ஒரு கணம் நினைத்தாள்.

இங்கர் முற்றத்தில் நடப்பதற்கு ஊன்றுகிற கூடை வைத்த தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்தபடி நின்று வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாக வற்றிப் போயிருந்தாள். கண் மட்டும் அதே நீலம்.

"வாருங்கள் விமலா" என்றாள் டேனிஷில். "வழி தேடக் கஷ்டப்படவில்லையே?"

இந்த வீட்டுக்கு விமலாதேவி இதுதான் முதல் தடவை வருகிறாள். பிள்ளையை ஏழு வருசம் அனுப்பியவள் ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தனுசியா தூரத்தில் மைக்கைச் சரிசெய்துகொண்டு நின்றாள். தாயைக் கண்டதும் கையை ஆட்டினாள். விமலாதேவியால் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே கதிரையைப் போட்டுக்கொண்டு விருந்தாளியாக இருக்க முடியவில்லை. எங்கே போனாலும் குசினிப் பக்கம் போகிற கால் அவளுடையது. கோப்பைகளை எடுத்து வைக்க இங்கர் உள்ளே போனதைக் கண்டு பின்னாலேயே போனாள்.

இருவரும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார்கள். பிறகு இங்கர்தான் கேட்டாள்.

"அந்தப் பூட்ஸ் பிறகும் அவளுக்கு அளவாக இருந்ததா?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. "இருந்தது. நெடுநாள் போட்டாள்" என்று டேனிஷிலும் சொன்னாள். இத்தனை வருசத்துக்குப் பிறகும், இந்த வீட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டும், வாய் திறந்தவுடன் பொய்தான் வந்தது. தன் நாக்கைத் தானே கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது.

இங்கர் கோப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த உழவு இயந்திரத்தில் இருந்த குழந்தை வில்லியின் தங்கையுடைய பேத்தி. ஒரு மத்தியானம் பார்க்க வந்தது. உங்கள் மகளுக்குப் பிறகு நாங்கள் எந்தப் பிள்ளையையும் எடுக்கவில்லை. கொம்யூனில் கேட்டார்கள். வில்லி வேண்டாம் என்றுவிட்டான்."

விமலாதேவி கையிலிருந்த கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"நீங்கள் எனக்குச் சொன்னது, அவளுக்கு வர விருப்பமில்லை என்று" என்றாள் இங்கர். "புத்தகத்தில் இருப்பது, எங்களுக்கு விருப்பமில்லை என்று. வாசித்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது."

"அப்படியென்றால் ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

"அவளுக்கு ஒரு தாய் இருக்கிறாள். நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதானே." கோப்பிப் போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "இன்றைக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் விமலா. இன்று அவளுடைய நாள். போங்கள், தொடங்கப் போகிறது."

ஏசியிருந்தால் விமலாதேவி தாங்கியிருப்பாள். பதிலுக்கு இரண்டு சொல்லியும் இருப்பாள். இங்கர் இப்படிக் கோப்பி ஊற்றிக்கொண்டு மெதுவாகச் சொல்லவே, கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

*

தனுசியா நன்றாக வாசித்தாள். கன்றுகளின் பெயர்கள் வந்தபோது சனம் சிரித்தது. அந்தப் பெயர்களை விமலாதேவி சோறு தீத்திய காலத்தில் கேட்டிருக்கிறாள், ஒன்றுகூட ஞாபகத்தில் வைத்திருக்கவில்லை. படலைக் கவிதை வந்தபோது மூக்கை உறிஞ்சுகிற சத்தங்கள் கேட்டன. சிறீஸ்கந்தராசா போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார். அவருக்கு எதுவும் தெரியாது. பண்ணைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதுதான் அவருக்கும் சொல்லப்பட்டது.

முடிந்ததும் கேள்வி நேரம். மஞ்சள் சால்வை போட்ட ஒரு பெண் எழுந்தாள். ஆசிரியையாம். மாணவர்களோடு இந்தப் புத்தகத்தைப் படித்தவளாம். அவள் கவிஞரிடம் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த இங்கரைப் பார்த்துக் கேட்டாள்.

"என் வகுப்புப் பிள்ளைகள் என்னைக் கேட்கச் சொன்னார்கள். ஒரு அகதிக் குடும்பத்துப் பிள்ளையை, இந்த இடத்தை இவ்வளவு நேசித்த பிள்ளையை, நீங்கள் எப்படி வேண்டாம் என்றீர்கள்?"

சனம் இங்கரின் பக்கம் திரும்பியது. இங்கர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழும்பினாள்.

"நாங்கள் களைத்துப் போயிருந்தோம்" என்றாள். "பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். முட்டாள்தனம். வேறு சொல்ல என்னிடம் இல்லை."

தனுசியா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் இங்கரை மன்னித்துப் பலகாலமாகிவிட்டது. அதை இந்த முற்றத்தில் நின்று, எல்லோர் முன்னாலும் அவருக்குச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்."

சனம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டிய கைகளுக்கு நடுவில் இங்கர் தலையைக் குனிந்து, "நன்றி" என்றாள். செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு எண்பது வயது தாண்டிய மனுசி நன்றியும் சொல்கிறாள். பிழை செய்தவளோ, வீட்டிலிருந்து கொண்டுவந்த கதிரையில் சௌகரியமாக இருந்துகொண்டு அதைப் பார்க்கிறாள். பக்கத்தில் புருசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்டியோ, எங்கடை பிள்ளையின்ரை மனசை" என்கிறார்.

விமலாதேவி எழும்பினாள். முழங்கால் உண்மையிலேயே நொந்தது.

ஆப்பிள் மரத்தடியில் மேசை போட்டுத் தனுசியா புத்தகங்களில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நீண்ட வரிசை. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் விமலாதேவி ஒரு வரிசையைக்கூடக் குழப்பியவள் அல்ல. பேக்கரியில் நம்பர் துண்டு எடுக்க மறந்துவிட்டால் திரும்பக் கடைசியில் போய் நிற்கிறவள். அன்றைக்கு எல்லோரையும் விலத்திக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் மகளின் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை, ஒருக்கா வா."

"இப்ப வேண்டாம் அம்மா" என்றாள் தனுசியா டேனிஷில். "ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்."

"இப்ப வா. பிறகு எண்டா நான் சொல்லமாட்டன்."

அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். தனுசியா பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பினாள். முற்றத்தில் எங்கும் ஆட்கள். ஆளில்லாத இடம் தேடி இருவரும் நடந்து படலையைத் தாண்டி வெளியே வந்தார்கள். படலை அவர்களுக்குப் பின்னால் தானாகவே ஆடி மூடிக்கொண்டது.

"இங்கர் உன்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றாள் விமலாதேவி. "நான்தான் சொன்னனான். அவவுக்கு, உனக்கு வர விருப்பமில்லையெண்டு சொன்னனான். உனக்கு, அவ வேறை பிள்ளை எடுக்கப் போறா எண்டு சொன்னனான். ரெண்டும் பொய். உன்ரை பூட்ஸைக் கொண்டுவந்து தந்தவ. அதையும் நான் குப்பையிலை போட்டனான்."

தனுசியா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் சிரித்த சிரிப்பின் மிச்சம் முகத்தில் அப்படியே இருந்தது. அது மறைய நேரமெடுத்தது.

"ஏன்?"

விமலாதேவி எத்தனையோ காரணங்களை இந்த வருசங்களில் சேர்த்து வைத்திருந்தாள். நம்முடைய பழக்கவழக்கம், பெண்பிள்ளை, ஊர் என்ன சொல்லும். வாயைத் திறந்தால் அதில் ஒன்றாவது வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை.

"நீ பெரியபிள்ளையானது அவவுக்கு முதல் தெரிஞ்சிட்டுது. எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது. அந்த எரிச்சல். வேறையொண்டும் இல்லை பிள்ளை."

தனுசியா திரும்பி முற்றத்தைப் பார்த்தாள். அங்கே அவளுடைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சனம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நடுவே இங்கர் ஒருவரிடமிருந்து வெறும் கோப்பையை வாங்கித் தன் தள்ளுவண்டியின் கூடைக்குள் வைத்தாள்.

"நான் இப்ப அவவை மைக்கிலை மன்னிச்சனான்" என்றாள். வளர்ந்தபின் தாயோடு எப்போதும் டேனிஷிலேயே பதில் சொல்கிறவள், இதைத் தமிழில் சொன்னாள். "இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை. அவ நன்றி சொன்னவ."

"ஓம்."

"அவவுக்குத் தெரியுமோ? நீங்கள் சொன்னது பொய்யெண்டு?"

"புத்தகத்தை வாசிச்ச அண்டைக்கே விளங்கினதாம். உனக்குச் சொல்லவேண்டாமெண்டுதான் இருந்தவ."

தனுசியாவின் உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து விமலாதேவி கையை நீட்டினாள். தனுசியா அந்தக் கைக்கு எட்டாமல் ஓரடி பின்னால் போனாள்.

"அவவுக்கும் தெரிஞ்சு, உங்களுக்கும் தெரிஞ்சு, கடைசியிலைதான் எனக்கு" என்றாள். "எனக்கெல்லோ அம்மா நீங்கள் முதல் சொல்லியிருக்க வேணும்."

மகள் அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துத்தான் சொன்னாளா, தானாக வந்ததா என்று விமலாதேவிக்குத் தெரியவில்லை. ஆனால் அடுக்குமாடி வாசலில், கையில் கேக் பெட்டியோடு நின்ற பிள்ளையிடம் தான் சொன்ன அதே சொல் திரும்பி வந்து நெஞ்சில் ஏறியது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு நியாயம் இருந்தது. நீங்கள் வேலையில் நின்றீர்கள் என்றது. விமலாதேவிக்கு இன்றைக்கு அதுவும் இல்லை.

தனுசியா கொழுவியைத் தூக்கினாள். படலையைத் திறந்து உள்ளே போனாள். முதலில் நடந்தாள், ஆப்பிள் மரத்தைத் தாண்டியதும் ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இங்கர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். அதற்கு மேல் விமலாதேவியால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிறீஸ்கந்தராசா கதிரையை மடித்து ஒரு கக்கத்திலும், கடதாசித் தட்டில் கேக் துண்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு படலைக்கு வந்தார்.

"என்னப்பா, இஞ்சை வெளியிலை தனிய நிக்கிறாய்? அங்கை இங்கரும் பிள்ளையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுகினம். சனம் எல்லாம் படம் எடுக்குது. நீயும் வாவன்."

"நான் வரேல்லை."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு. இனி அவருக்கும் சொல்லவேண்டும். காருக்குள் போய்ச் சொல்லவேண்டும்.

"அப்ப வெளிக்கிடுவமே? பிள்ளையைக் கூப்பிடட்டோ? ஸ்டேசனிலை விடலாம், ஓகூஸ் ரெயின் இருக்கு."

அந்தக் காலத்தில் கூட்டிக்கொண்டு போன ஒவ்வொரு தடவையும் ஞாயிறு பின்னேரம் நேரம் தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவள் இங்கர். ஐந்து நிமிசம் பிந்தினாலே போன் எடுத்து ஏன் என்று கேட்டவள் விமலாதேவி.

"வேண்டாம்" என்றாள். படலையின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிடாதேங்கோ. அவள் நிண்டு வரட்டும்."